ஈஸ்டருக்குப் பிறகு பேசலாம்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

சாயங்கால ஆராதனைக்குப் போய் வந்தோம். நாற்பது நாளும் ஒரு நேரம்தான் சாப்பாடு என்று அத்தை சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் வேண்டாம் என்றால் கேட்பதில்லை. மகனின் கல்யாணப் பேச்சு இனி ஈஸ்டருக்குப் பிறகு. ஈஸ்டர் வரைக்குமான இந்த லெந்து உபவாச நாளில் அதைத் தொடக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் முடிவாகிவிட்டது.

மார்ச் 8

தொட்டாயிற்று. பெண்ணின் அப்பா போன் செய்தார். "லெந்து முடியட்டும் அண்ணாச்சி, நான் ஒண்ணும் பேசல. எவ்வளவுன்னு ஒரு கணக்கு மனசுல இருந்தா, நாங்க இப்பவே ஏற்பாடு பண்ண..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். இவர் உடனே, "நாங்க எதுவும் கேக்கல அண்ணாச்சி. உங்க பிள்ளைக்கு நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் நல்ல மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் சொல்வது இதுதான். மூத்தவள் கல்யாணத்துக்கு முன்பு எங்களிடமும் இதையே சொன்னார்கள். அன்று ராத்திரி இவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தது எனக்கு மறக்கவே இல்லை. ஐம்பது போட்டால் குறைவாகத் தெரியுமோ? அந்த வீட்டு மூத்த மருமகள் எவ்வளவு கொண்டுவந்தாள், யாரிடம் விசாரிக்கலாம்? கேட்கிறவன் ஒரு தொகையைச் சொன்னால் கூட்டிக் குறைத்துப் பேசவாவது முடியும். "உங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டால் பெண்ணைப் பெற்றவன் தன் பயத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். கடைசியில் 60 பவுனில் போய் நின்றது.

இன்று அந்த அண்ணாச்சி நோட்டோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு இன்னொரு மகளும் இருக்கிறாள்.

மார்ச் 9

பிரசங்கம் இயேசுவின் வனாந்தரச் சோதனையைப் பற்றி. அப்பத்தைப் பற்றிய பேச்சு பசித்திருந்தவரிடம்தான் வந்தது என்றார் எங்கள் சபை போதகர் ஐயர். அதற்குப் பிறகு சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மார்ச் 14

சவரன் 65,000-ஐத் தாண்டிவிட்டது. சாப்பிடும்போது இவர் அதைச் சத்தமாக வாசித்தார். "அவங்க எழுபது போடுவாங்கன்னு பேசிக்கிறாங்க" என்றார்கள் அத்தை. ரசம் ஊற்றிக்கொண்டே மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். 45 லட்சத்துக்கு மேலே வருகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வாழை அத்தனையும் போனதிலிருந்து என் சங்கிலியும் வளையலும் பேங்கில்தான் இருக்கின்றன. வருஷா வருஷம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறோம், மீட்க முடியவில்லை. மூத்தவள் கல்யாணக் கடன் தனி. மகனுக்கு வருவதில் அடைத்துவிடலாம் என்று இந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனாலும் எல்லோரும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தோம்.

மார்ச் 16

லூக்கா 9:23. தன்னை வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்று என்கிறார். ஒரு வாரமாக இந்த ஒரு வசனம்தான்.

மார்ச் 20

பிடியரிசி டப்பா நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோக வேண்டும்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைப்பது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அம்மாவுக்குக் கை சின்னது. ஒரு பிடி போட்டபின் நாலு விரலால் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவாள். கை சின்னதாக இருப்பதால் ஆண்டவருக்குக் குறையக்கூடாது என்பாள். மண்ணெண்ணெய் அடுப்பு, அரைப்படி அரிசி, ஏழு பேர். அதிலும் அந்த நாலு விரல் அரிசி தவறியதில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம் என்று வெள்ளாளன்விளை அசரியாவும் மற்றவர்களும் துணிந்தது இப்படிப்பட்ட கைகளை நம்பித்தான். நம் ஊர்களின் காணிக்கையில் தெலுங்கு தேசத்து டோர்னக்கல் வரைக்கும் ஊழியர்கள் போனார்கள்.

எங்கள் ஜனங்களுக்குக் கொடுக்கத் தெரியும், நன்றாகவே தெரியும். சம்பந்தம் பேச உட்காரும்போது மட்டும் எங்களுக்கு என்ன ஆகிவிடுகிறது?

மார்ச் 23

முதலூருக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். மதினி மஸ்கோத் அல்வா எடுத்து வைத்தார்கள். லெந்து முடியட்டும் என்று பொட்டலமாக வாங்கிக்கொண்டேன். தேங்காய்ப்பால் வாசம் பஸ் முழுக்க வந்தது.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 1961-லேயே சட்டம் வந்துவிட்டது, வாங்குவது மட்டுமல்ல கொடுப்பதும் குற்றம்தான் என்று முதலில் அவனே சொன்னான். அப்புறம், "ஆனா நீ வேண்டாம்னு சொன்னா பையனுக்கு ஏதோ குறைன்னு பேசுவாங்க, பாத்துக்கோ" என்றான்.

திரும்பும்போது கோயில் பக்கமாக நடந்து வந்தேன். சொந்த ஊர்களில் இருக்கவிடாமல் துரத்தப்பட்டவர்களுக்காக 1799-ல் தாவீது சுந்தரானந்தம் உண்டாக்கிய ஊர் இது. விசுவாசத்துக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள் இந்தத் தேரி மணலில் குடிசை போட்டார்கள். நான் அவர்களுடைய பேத்தி. என்னிடம் யாரும் வீட்டை விடச் சொல்லவில்லை. இன்னொருவருடைய நகையை விடு என்கிறார் ஆண்டவர், அவ்வளவுதான்.

ஏப்ரல் 1

தம்பியோடு (மகனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ராத்திரி போனில் பேசினேன். "உங்க இஷ்டம்மா" என்றான்.

என் இஷ்டம் எனக்குத் தெரியும். அவன் இஷ்டத்தைத்தான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பா கடனை யாரும்மா அடைப்பா? நான் அடைக்கிறேன்னு சொல்லப் பயமா இருக்கு. வாடகை, பைக் கடன் போக கையில என்ன நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது" என்றான். அவன் இவ்வளவு உண்மையாகப் பேசி நான் கேட்டதில்லை. வாலிபர் சங்கத்தில் சாட்சி சொன்னபோதுகூட இப்படிப் பேசியதில்லை. நாளைக்கு ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தான்.

என் பேச்சுக்காக மட்டும் அவன் வேண்டாம் என்று சொன்னால், கல்யாணமான மூன்றாம் மாதமே அது கசப்பாகிவிடும். அந்தக் கசப்பு அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும்.

ஏப்ரல் 3

தம்பி கூப்பிடவில்லை.

ஏப்ரல் 5

வாட்ஸப்பில் ஒரு வரி வந்திருந்தது. "வேண்டாம்மா. மாசம் பத்தாயிரம் அனுப்புறேன், அப்பாகிட்ட நானே சொல்றேன்." மாட்டுத் தொழுவத்தில் நின்று அழுதேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 9

இவர் பேசட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. நானே பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தேன். உங்கள் இஷ்டம் என்கிற பேச்சே வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். "மதினி, நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம், வண்டி வேண்டாம், பாத்திரம் பண்டமும் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "எங்க மேல ஏதும் மனவருத்தமா மதினி?" என்று கேட்டார்கள். சம்பந்தத்தை முறிக்கத்தான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைத்துப் பயந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 12

சவரன் 70,000.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் அத்தையால் கொஞ்ச தூரத்துக்கு மேல் நடக்க முடியவில்லை. ஆட்டோவில் கூட்டிவந்தேன்.

அண்ணன் சொன்னபடியே ஆகிவிட்டது. பெண்ணின் சித்தி விசாரிக்கத் தொடங்கிவிட்டாளாம். பையனுக்கு ஏதும் வியாதியா, சென்னையில் யாரோடும் பழக்கமா என்று. இயேசுவைப் பின்பற்றுகிற வீடு இப்படித்தான் செய்யும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கோயில் கட்டி மணி அடித்து வருகிற ஊர்கள் நம்முடையவை. இதைத்தான் யாரிடமாவது சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

ஏப்ரல் 16

அத்தை இன்று என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். கோபமில்லாமல்தான் பேசினார்கள். "மாமா போனப்போ உன் புருஷனுக்குப் பன்னிரண்டு வயசு. நான் கொண்டுவந்த நகையில ஒவ்வொண்ணா வித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வச்சேன். இந்த வீட்டுச் சுவர்ல என் காசுமாலை இருக்கு. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கஷ்டம்னா அவ கையில என்ன இருக்கும்?"

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அத்தை சொல்வது நியாயம். அவளைப் பெற்றவர்கள் அவளுக்கென்று எதையாவது கொடுத்தால், அது அவள் பெயரிலேயே அவள் கையிலேயே இருக்கட்டும், எங்களுக்கு எண்ணிக்கை தெரியவே வேண்டாம் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் பழையபடி "உங்க பிள்ளைக்கு நீங்க செய்ங்க" என்பதில்தான் வந்து நிற்கும். மறுபடி நோட்டு, மறுபடி கணக்கு. வேண்டவே வேண்டாம் என்றால் அவளுக்கு உரியதை நான் தடுக்கிறேனா? படுத்தும் தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து முழங்கால் போட்டேன். வார்த்தை வரவில்லை, அப்படியே இருந்தேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

திருவிருந்துக்குக் கிளம்புமுன் இவரிடம் பேசினேன். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் இவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவர் ஒன்றும் சொல்லாமல் கணக்கு நோட்டை எடுத்துவந்து என் முன்னால் பிரித்து வைத்தார். கல்யாணமாகி முதல் தடவையாக எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் பார்த்தேன். தேரிப் பக்கத்து முந்திரித் தோட்டத்தை விற்றால் பாதிக்கு மேல் அடைந்துவிடும். "அதையும் வித்துட்டா அப்பா பேர்ல ஒண்ணும் மிஞ்சாது" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கோயிலுக்கு நடந்தார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணித் தியானம். சிலுவையில் இயேசு தம் தாயிடம் "அதோ, உன் மகன்" என்ற மூன்றாம் வார்த்தையின்போது அந்தப் பெண்ணின் முகம்தான் வந்துகொண்டிருந்தது. இன்னொருத்தி பெற்ற பிள்ளை, எனக்கு மகளாக வரப்போகிறவள்.

ஏப்ரல் 20

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! நாலு மணி ஆராதனை. தம்பி வந்திருக்கிறான்.

ஏப்ரல் 21

போப் பிரான்சிஸ் காலமானார் என்று மத்தியானம் டிவியில் சொன்னார்கள். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, சிஎஸ்ஐ சபைதான், ஆனாலும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். "ஜெயில்ல இருக்கிறவங்க காலைக் கழுவினவருல்லா" என்றார்கள்.

ஏப்ரல் 22

சவரன் 74,000-ஐயும் தாண்டிவிட்டது. தோட்டத்தைப் பார்க்க சாத்தான்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். விலை படியவில்லை.

ஏப்ரல் 25

அப்பாவும் மகனும் ராத்திரி திண்ணையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை.

ஏப்ரல் 27

மே மாதம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டுமென்றால் இந்த வாரமே ஐயரிடம் சொல்ல வேண்டும். பெண் வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை.

ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். அப்பா நாற்பதாவது போட்டே தீருவேன் என்கிறாராம், சித்தி இன்னும் சந்தேகமாகவே பேசுகிறாளாம். "அத்தை, உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும். போன்ல வேண்டாம்" என்றாள். நாளைக்குக் காலை ஆறு மணி பஸ்ஸில் போகிறேன்.