கைக்குத் தட்டுப்பட்ட சொல்

பள்ளியின் கடைசி ஆண்டு. எங்கள் ஆங்கில டீச்சர் அன்று சாக்பீஸைத் தொடவேயில்லை. "எல்லாரும் நாடி பிடிச்சுப் பாருங்கள்" என்றார். மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைக்க வேண்டும். பெருவிரலை வைக்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எது எதென்று குழம்பிவிடும். வகுப்பு அடங்கிப்போனது. "கிடைச்சிட்டுது டீச்சர்" என்று ஒவ்வொரு குரலாக எழுந்தது. கடைசிக் குரலும் வந்த பிறகுதான் சொல்லைச் சொன்னார்: 'பால்பபிள்' (palpable).

தடவுதல் என்று பொருள்படும் 'பால்பாரே' என்ற லத்தீன் வினையில் பிறந்த சொல் அது. நெஞ்சுப் படபடப்பைச் சொல்லும் 'பால்பிடேஷ'னும் அதே வேர்தான்.

எங்களுக்கு இருந்த குழப்பம் 'டான்ஜிபிள்' (tangible) என்ற சொல்லோடு. இரண்டுக்கும் அகராதி 'தொட்டுணரத்தக்க' என்றே சொன்னது. டீச்சர் அகராதியை மூடச் சொல்லிவிட்டு வாக்கியங்களைக் கேட்டார். கட்டடமும் இயந்திரமும் டான்ஜிபிள் சொத்து, காப்புரிமை அப்படியல்ல. ஆதாரம், பலன், இவையும் டான்ஜிபிள்: இதோ என்று எடுத்துக் காட்டலாம். சொத்தைப் பால்பபிள் என்று யாரும் சொல்வதில்லை. ஓர் அறைக்குள் நுழைந்ததுமே மேலே வந்து மோதும் அச்சம், நிம்மதி, இறுக்கம், இவைதாம் பால்பபிள். எடுத்துக் காட்ட முடியாது, ஆனால் அங்கிருந்த எவராலும் இல்லையென்று மறுக்கவும் முடியாது. அந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் வாள்போட்டியில் குத்துப் பட்டதா இல்லையா என்று தகராறு வரும்போது, பட்டது என்று தீர்ப்புச் சொல்பவன் வாயிலும் இதே சொல்தான். உடலில் பட்டது, ஐயத்துக்கு இடமில்லாமல் பட்டது, இரண்டும் அதில் அடக்கம். எதிர்ச்சொல்லும் அழகு: இரு விரல்களுக்கு நடுவே தேய்த்தாலும் மணி உறுத்தாத அளவுக்கு அரைத்த நுண்பொடி 'இம்பால்பபிள்'.

இன்று செய்திகளில் எந்தக் கூட்டத்திலும் இறுக்கம் பால்பபிளாகவே இருக்கிறது. படிக்கும்போது வருத்தமாக இருக்கும். எழுதியவர் அந்த இடத்தில் நின்று உணர்ந்தாரா என்று கேட்கத் தோன்றும்.

எனக்கு இந்தச் சொல் மறுபடி வந்து சேர்ந்தது மருத்துவமனையில். மொழிபெயர்ப்பாளராக நின்றிருந்தேன். ஒரு வயதான அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்த மருத்துவர், மண்ணீரல் பால்பபிளாக இருக்கிறது என்றார். வழக்கமாக அது விலா எலும்புக்குள் ஒதுங்கியிருக்கும், விரலுக்குச் சிக்காது. சிக்கினால் பெரும்பாலும் வீங்கியிருக்கிறது என்று பொருள். 'தொட்டுணரத்தக்க' என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "கைக்குத் தட்டுப்படுதாம் அம்மா" என்றேன். தட்டுப்படுதல், தென்படுதல், பிடிபடுதல், புலப்படுதல்! ஆங்கிலம் பெயரடையில் சொல்வதை நாம் 'படு' என்ற வினையிலேயே சொல்லி வந்திருக்கிறோம். ஓரறிவு உயிரின் அறிவைத் தொல்காப்பியம் 'உற்றறிவது' என்கிறது, தொடுகைதான் முதலறிவு.

அம்மா, "எங்கே?" என்று தன் கையை நீட்டினார். நான் மொழிபெயர்க்கும் முன்பே மருத்துவர் அந்த விரல்களை எடுத்து இடப்பக்க விலாவுக்குக் கீழே வைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்படி சைகை காட்டினார்.

"ஓம், தட்டுப்படுது" என்றார் அம்மா.