‘உடம்பு சரியில்லை’ என்கிறார்கள்: தோராஜா நாட்குறிப்பு

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு, மக்காசர்

இரவுப் பேருந்துக்குக் காத்திருக்கிறோம். கோலாலம்பூரிலிருந்து வந்த மாணவர்கள் 14 பேர், கூட எங்கள் விரிவுரையாளர். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், தோராஜா மக்களின் மலைநாட்டில் இருக்கும் ரந்தேபாவ் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேலே, ராத்திரி முழுக்க ஓட வேண்டிய தூரம். இருக்கை நன்றாகச் சாய்கிறது, போர்வையும் கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் எனக்குத் தூக்கம் வராது என்று இப்போதே தெரிகிறது. இறந்தவரை வீட்டிலேயே மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வைத்திருக்கும் ஊருக்குப் போகிறோம். பயம் இல்லை, பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது.

12 ஆகஸ்ட், திங்கள், ரந்தேபாவ்

என்ரேக்காங் மலை வளைவுகளில் எங்கள் ஆட்களில் மூன்று பேருக்கு வாந்தி. விடிந்தபோது மக்காலே ஊருக்கு வந்துவிட்டோம், குன்றின் உச்சியில் பிரம்மாண்டமான இயேசு சிலை பனிமூட்டத்தில் பாதி மறைந்து நின்றது. தோராஜாக்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். 1906இல் டச்சுக்காரர்கள் இந்த மலையைப் பிடித்தார்கள், 1913இல் முதல் மிஷனரி வந்தார். அதற்கு முன்னால் இருந்த மூதாதையர் நெறிக்கு ‘ஆலுக் தோ டோலோ’ என்று பெயர். 1969இல் இந்தோனேசிய அரசு அதை இந்து தர்மத்தின் ஒரு பிரிவாக அங்கீகரித்திருக்கிறது. இதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மதியம் கெத்தே கெசு என்ற பழைய கிராமம். படத்தில் பார்த்த வீடுகள்தான், ஆனால் அருகில் நின்றால் வேறு மாதிரி இருக்கிறது. தொங்கோனான் என்ற இவர்களின் பாரம்பரிய வீட்டின் கூரை இரண்டு முனையிலும் வானத்தைப் பார்த்து எழும்புகிறது. படகு என்கிறார்கள் சிலர், எருமைக் கொம்பு என்கிறார்கள் சிலர். மூங்கிலை அடுக்கடுக்காக வேய்ந்த பழைய கூரையில் பாசியும் பெரணிச் செடியும் தோட்டம் மாதிரி வளர்ந்திருந்தன. வீடுகள் எல்லாம் வடக்கு பார்த்து ஒரு வரிசை, எதிரே நெற்களஞ்சியங்கள் தெற்கு பார்த்து ஒரு வரிசை. களஞ்சியத்தின் தூண்களைத் தடவிப் பார்த்தேன். ஒருவகைப் பனைமரமாம், எலி ஏற முடியாதபடி கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. சுவர் முழுக்கக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நாலே நிறத்தில் செதுக்கு வேலை. முகப்புத் தூணில் கீழிருந்து மேலே அடுக்கிய எருமைக் கொம்புகள், அந்த வீட்டில் நடந்த சாவுச் சடங்குகளின் கணக்கு அது.

தெருவெல்லாம் சிவப்பு வெள்ளைக் கொடி. 17ஆம் தேதி இவர்களுக்குச் சுதந்திர நாள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

வழிகாட்டி பாக் (எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) தன் உறவுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். போகும் முன்பே சொல்லிவிட்டார், ‘இறந்தவர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், ‘தோ மக்குலா’ என்று சொல்லுங்கள், நோயாளி என்று அர்த்தம். சடங்கு தொடங்கும்வரை அவர் நோயாளிதான்.

தெற்குப் பக்கத்து அறையில் ஒரு பாட்டி படுத்திருந்தார். பெட்டி திறந்தே இருந்தது, மேலே சிவப்புத் துணி, கன்னம் ஒட்டி, தோல் கறுத்து, ஆனால் தலை ஒழுங்காக வாரியிருந்தது. இப்போதெல்லாம் ஃபார்மலின் போடுகிறார்கள், அதனால் வாடை ஏதும் இல்லை. மருமகள் ஒரு கோப்பை காப்பியைத் தலைமாட்டில் வைத்து, “நெனெ, மலேசியாவிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்” என்று சாதாரணமாகச் சொன்னார். நெனெ என்றால் பாட்டி. பக்கத்தில் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டோம். ஒன்றரை வருடமாம். சாவுச் சடங்குக்கு வேண்டிய எருமைக்குப் பணம் சேர வேண்டும், அது ஒரு காரணம். இன்னொன்று, மகள் சபாவில், தாவாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார், அவருக்கு விடுப்பு கிடைக்க வேண்டும். “மகள் வராமல் எப்படி அனுப்புவது?” என்றார் மருமகள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்து களஞ்சியத்தின் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பாட்டி 2020 ஏப்ரலில் சுங்கைப்பட்டாணியில் இறந்தார். நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த நேரம். காலையில் போன் வந்தது, மாலை நாலு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது, அப்பா கோலாலம்பூரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நின்றுகொண்டு வாட்ஸ்அப் வீடியோவில் கொள்ளி வைப்பதைப் பார்த்தார். மூத்த மகன் அவர்தான். சித்தப்பா வைத்தார். அதற்குப் பிறகு அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மருமகள் அக்கா எனக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாலை கம்பிராவில் குழந்தைக் கல்லறை மரம் பார்த்தோம். பல் முளைக்காமல் இறந்த குழந்தையைத் தாரா மரத்தின் அடிமரத்தில் குடைந்து வைத்து, அந்தப் பொந்தின் வாயைக் கறுப்புப் பனைநாரால் மூடிவிடுவார்களாம். மரத்தின் பால் வெள்ளையாக இருக்கும், தாய்ப்பால் போல, பிள்ளை மரத்தோடு வளரும் என்று நம்பிக்கை. இப்போது அந்த வழக்கம் இல்லை.

14 ஆகஸ்ட், புதன்

வேறொரு வீட்டு ராம்பு சோலோ. ‘இறங்கும் புகை’ என்று பொருள், சாவுச் சடங்குக்குப் பெயர் அது. எல்லாரும் கறுப்பு உடை, நாங்களும்தான். கையோடு ஒரு பெட்டி சிகரெட்டும் சர்க்கரையும் வாங்கிப்போனோம், வெறுங்கையோடு போகக் கூடாது. மைதானத்தைச் சுற்றி மூங்கிலில் தற்காலிகக் குடில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டத்துச் சொந்தபந்தம். விருந்தினர் வரிசையாக உள்ளே வர, ஒருவர் ஒலிபெருக்கியில் ஊர் பெயர் சொல்லி வரவேற்கிறார், பின்னாலேயே மூங்கிலில் கட்டித் தூக்கிய பன்றிகள் அலறிக்கொண்டு வருகின்றன. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அவர்கள் வீட்டுச் சாவுக்கு அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். நம் மொய் நோட்டு அப்படியே கண்முன் வந்தது, பணத்துக்குப் பதில் எருமை.

எருமைதான் ஆன்மாவைப் ‘புயா’ என்ற மறு உலகுக்குச் சுமந்து செல்கிறதாம். வெட்டுவது ஒரே வீச்சு, கழுத்தில். நான் இரண்டாவது எருமையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. இறைச்சி ஒரு துண்டுகூட வீணாகவில்லை, பங்கு போட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் போனது, வெட்டிய இளைஞர்களும் விளையாட்டாக இருக்கவில்லை.

பிறகு மா படோங். ஆண்களும் பெண்களும் சுண்டுவிரலைக் கோத்து வட்டமாக நின்று, மெல்ல நகர்ந்தபடி இறந்தவரின் வாழ்க்கையைப் பாடுகிறார்கள். தாளம் இல்லை, மேளம் இல்லை, அடிவயிற்றிலிருந்து வரும் குரல் மட்டும். ஒரு பெண்மணி கையை நீட்டி என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். வார்த்தை தெரியாமலேயே கால் பழகிவிட்டது.

சாப்பாட்டில் எருமை இறைச்சி வேண்டாம் என்று சொன்னதும் உடனே மூங்கிலில் சுட்ட கோழி பாபியோங் தேடிக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஏதோ கீரை, நல்ல காரம்.

15 ஆகஸ்ட், வியாழன்

போலு சந்தை. ஆறு நாளுக்கு ஒரு முறை கூடும் பெரிய நாள் எங்களுக்கு வாய்த்தது. வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டான ‘தெடோங் போங்கா’ எருமையின் விலை கோடிக்கணக்கான ரூப்பியா, கார் வாங்கிவிடலாம். ஒரு பையன் தன் எருமைக்குத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டே அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

லெமோ, லொண்டா இரண்டும் மதியத்துக்கு மேல். பாறைக் குடைவில் இறந்தவர்களின் மரச்சிலைகள், ‘தாவு தாவு’, வரிசையாக நின்று கையை முன்னால் நீட்டியிருக்கின்றன. களைப்பில் அதிகம் எழுதவில்லை.

16 ஆகஸ்ட், வெள்ளி, லோலாய்

காலை நாலரைக்குக் கிளம்பினோம். விடிந்ததும் பள்ளத்தாக்கு முழுக்க வெண்மேகம், நடுநடுவே மலை உச்சிகள் மட்டும், கீழே எங்கோ சேவல் கூவுகிற சத்தம், ஒரு தேவாலய மணி. வெயில் ஏற ஏற மேகம் கலைந்து, படிப்படியான வயல்கள் தெரிந்தன. தோராஜா காப்பியை அங்கேயே குடித்தோம், கசப்பு குறைவு, மண்வாசனை மாதிரி ஒன்று நாக்கில் நிற்கிறது.

சிக்னல் இருந்தது, அப்பாவைக் கூப்பிட்டேன். மேகத்தைக் காட்டினேன், அப்புறம் அந்த நெனெயைப் பற்றிச் சொன்னேன், ஒன்றரை வருடம், தாவாவில் இருக்கும் மகள், தலைமாட்டில் வெற்றிலைத் தட்டு, எல்லாம். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பாட்டியின் வெற்றிலை உரல் சித்தப்பா வீட்டில்தான் இருக்கிறது. நீ வந்ததும் ஒரு நாள் போய் எடுத்துவருவோம்” என்றார். சரி என்றேன். ராத்திரி எட்டு மணிக்கு மக்காசர் பேருந்து.