சிப்பி என்று ஓர் ஊர்

பதினோரு ஆண்டுகள் 170ஆம் எண் பேருந்து ஓட்டியவன் நான். சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் எடுத்தால் புக்கிட் தீமா, உட்லண்ட்ஸ், கடற்பாலம், ஜொகூர் பாரு என்று போய் லார்க்கினில் விட வேண்டும். புக்கிட் தீமா சாலையில் இடப்பக்கம் ஒரு மணிக்கூண்டு வரும், ஹுவா சோங் பள்ளியுடையது. அதைப் பார்த்துத்தான் வண்டி நேரத்துக்குப் போகிறதா என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வேன். அந்தப் பள்ளியை யார் தொடங்கினார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 2015 கடைசியில் அந்த இடத்தில் டான் கா கீ என்ற பெயரில் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்தபோதுகூட, யாரோ பெரிய பணக்காரர் போலிருக்கிறது என்பதோடு விட்டுவிட்டேன்.

அந்தப் பணக்காரரின் ஊருக்கே போய் வந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. தோ பாயோவில் முப்பது ஆண்டுகளாக ஒரே தாழ்வாரம். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும், சீனப் புத்தாண்டுக்கு அங்கிருந்து ஆரஞ்சு வரும். பேச்சு பாதி மலாய், பாதி ஆங்கிலம். என்னை "பிரதர்" என்பார். வயது 78. இறந்துபோன கணவரின் அப்பா பிறந்த ஊரை முழங்கால் ஒத்துழைக்கும்போதே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊர்ப் பெயர் கேட்டேன். "சிப்பீ" என்றார். நான் நம் சிப்பியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. சீன மாண்டரினில் அது ஜிமேய். அந்த வட்டாரப் பேச்சான ஹொக்கியன் வாயில்தான் சிப்பீ. ஃபுஜியன் மாநிலத்தில், சியாமென் நகரத்தின் ஒரு மாவட்டம். சியாமென் என்றால் தெரியாதவர்களுக்கு அமோய் என்றால் தெரியும். 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குச் சீன விசா வேண்டாம் என்று ஆனதும் ஆன்ட்டிக்குச் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. பேரன் டிக்கெட் போட்டுத் தந்தான், ஆனால் கூட வர அவனுக்கு விடுப்பு இல்லை. "பிரதர், நீயும் உன் மனைவியும் வாங்க" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? சரி என்று கிளம்பினோம்.

சியாமென் நகரத்தின் மையம் ஒரு தீவு. விமான நிலையம் அந்தத் தீவில் இருக்கிறது. ஜிமேய் எதிர்க்கரையில், பெருநிலத்தில். மாவட்டத்தின் பரப்பு 270 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சிங்கப்பூரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் மலை, முன்பக்கம் கடல். மலைக்கும் கடலுக்கும் நடுவே அந்தக் காலத்தில் விளைநிலம் குறைவு, சாப்பிடும் வாய் அதிகம். சிப்பியும் மீனும்தான் பிழைப்பு. ஆக, நான் காதில் வாங்கிய பெயர் அப்படியொன்றும் தப்பில்லை.

1842 நான்கிங் உடன்படிக்கையில் வெள்ளைக்காரன் திறக்கச் சொன்ன ஐந்து துறைமுகங்களில் அமோயும் ஒன்று. கப்பல் வாசலுக்கே வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் என் தாத்தா ஏறின மாதிரி இவர்கள் அமோயில் ஏறினார்கள். அப்படி 1890இல் பதினாறு வயதில் சிங்கப்பூருக்கு வந்து அப்பாவின் அரிசிக் கடையில் உட்கார்ந்த பையன்தான் டான் கா கீ.

அவர் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அப்பாவின் வியாபாரம் படுத்துக் கடன் நின்றது. சிங்கப்பூர்ச் சட்டப்படி மகன் அதைக் கட்ட வேண்டியதில்லை. இவர் அன்னாசிப் பழத்தை டப்பாவில் அடைத்து விற்றுக் கட்டி முடித்தார். 1906இல் 1,800 வெள்ளி (டாலர்) கொடுத்து 1,80,000 ரப்பர் விதை வாங்கி அன்னாசித் தோட்டத்துக்குள்ளேயே ஊன்றினார். ஒரு வெள்ளிக்கு நூறு விதை. அங்கே தொடங்கியது. அப்புறம் ரப்பர் ஆலை, ரப்பர்க் காலணி, டயர், பிஸ்கட், சவுக்காரம் வரை போனது. எல்லாவற்றிலும் மணிச் சின்னம்.

ரப்பர் என்று நான் எழுதினாலும் எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. கித்தா. ஜொகூரில் ஒரு வெள்ளைக்காரன் தோட்டத்தில் என் பாட்டி கித்தா மரம் சீவிப் பால் எடுத்தார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். பால் காய்ந்து விரலிடுக்கில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து உருட்டி எங்களுக்குப் பந்து செய்து கொடுப்பார். அந்த நாற்றம் சோற்றுக் கை வரைக்கும் வரும். டான் கா கீயின் தோட்டத்துக்கும் பாட்டிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஜிமேயில் அந்தப் பள்ளிக் கட்டடங்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் அந்த நாற்றம்தான் நினைவுக்கு வந்தது.

எத்தனை பள்ளிகள்! 1913இல் ஊரில் ஒரு பெரிய மீன்குளத்தை வாங்கித் தூர்த்து, அதன்மேல் தொடக்கப் பள்ளி. 1917இல் பெண்பிள்ளைகளுக்கு. 1918இல் ஆசிரியர் பயிற்சியும் நடுநிலைப் பள்ளியும். 1920இல் மீன்பிடி கற்றுக்கொடுக்க ஒன்று. அது வளர்ந்து கப்பலோட்டும் படிப்பாக ஆனது. தென்கடல்களில் சீனக் கப்பல் செலுத்திய பலர் அங்கே படித்தவர்கள். நடுவில் 1919இல் இங்கே சிங்கப்பூரில் என் மணிக்கூண்டுப் பள்ளி, 1921இல் அங்கே சியாமென் பல்கலைக்கழகம். 1923இல் சண்டையிடும் படைகள் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று ஜிமேயை அமைதியான கல்விக் கிராமமாக அறிவித்தார்கள். இன்றும் அங்கே மெட்ரோ நிலையத்தின் பெயர் 'ஜிமேய் கல்விக் கிராமம்'தான். உலகச் சந்தை சரிந்ததில் அவருடைய நிறுவனம் 1934இல் மூடப்பட்டது. பள்ளிகள் மூடப்படவில்லை.

கட்டடங்களைப் பற்றி ஊர்க்காரர்களே ஒரு கிண்டல் சொல்கிறார்கள்: கோட்டு சூட்டுப் போட்டுத் தலையில் மூங்கில் தொப்பி வைத்தது. உண்மைதான். கீழே வெள்ளைக் கருங்கல் தூண், சிவப்புச் செங்கல், ஐரோப்பிய வளைவு. மேலே கோயில் மாதிரி நுனி வளைந்த கூரை. நான்சுன் கட்டடம் 15 மாடி, 54 மீட்டர், 1959இல் முடிந்தது. அன்றைக்கு ஃபுஜியனிலேயே அதுதான் உயரம். தோ பாயோவில் நாங்கள் இருப்பது பன்னிரண்டாம் மாடி. ஆன்ட்டி கழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "லிஃப்ட் உண்டா?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

டான் கா கீ வாழ்ந்த வீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அதுதான் அவருடைய மெழுகுவர்த்தித் தண்டு. அடித்தட்டின்மேல் மெழுகு சொட்டிய கறை. 1950இல் சிங்கப்பூரை விட்டு ஊரோடு போன பிறகு பயன்படுத்தியது. என் மனைவி அந்தப் பெட்டி முன்னால் நெடுநேரம் நின்றாள். "பாருங்க, நீங்க காது உடைஞ்ச குவளையைத் தூக்கிப் போடச் சொன்னீங்க" என்றாள். வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் குவளை அலமாரிக்குப் போய்விட்டது. நான் வாய் திறக்கவில்லை.

கரையோரம் அவர் கல்லறை. 1961இல் பெய்ஜிங்கில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஆமைத் தோட்டம் என்று பெயர். கல்லறையே ஆமை முதுகு மாதிரிதான். நடுவில் 28 மீட்டர் நினைவுத் தூண். சுவர் முழுக்கக் கல்லில் செதுக்கல்: மிருகம், மரம், பழைய கதை, போர். படிக்கத் தெரியாதவனும் நடந்துகொண்டே படிக்கலாம். ஆன்ட்டி கும்பிட்டார். கணவரின் குடும்பப் பெயரும் டான்தானே. ஆனால் அங்கே ஊரே டான். மாமனாரின் வீடு எது என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று சந்துகளைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு பழைய வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "இதுவாகவே இருக்கட்டும், கால் வலிக்கிறது" என்றார்.

ஆன்ட்டியின் ஹொக்கியன் அங்கே செல்லுமா என்று எனக்கு ஒரே ஆவல். கடைக்காரரிடம் கைகழுவ 'சப்பூன்' கேட்டார், உடனே வந்தது. சபுன் மலாய்ச் சொல் அல்லவா? நம்மூரிலிருந்து திரும்பிப் போனவர்கள் கொண்டுபோய் ஊன்றியிருக்கிறார்கள். கைத்தடிக்கு 'தொங்காட்', அதுவும் புரிந்தது. மலாயில் தொங்காட்தானே. குஷியில் 'மாத்தா' என்று போலீஸ்காரரைக் காட்டினார். கடைக்காரர் விழித்தார். அந்தச் சொல் கப்பல் ஏறவில்லை போலிருக்கிறது.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொப்பியா நம் அங்காடி நிலையத்தில் கிடைப்பதைவிட ஈரமாக, பெரிதாக இருந்தது. சிப்பி போட்ட முட்டைப் பொரியல், நம் ஓ லுவாக்கின் தாய்வீடு. அப்புறம் கடற்புழுவை வேகவைத்து ஜெல்லியாக உறைய வைத்த ஒன்றை ஆன்ட்டி வாங்கி நீட்டினார். அன்று வெள்ளிக்கிழமை என்று சொல்லி என் மனைவி தப்பித்தாள். உண்மையில் அது செவ்வாய்க்கிழமை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன், கடற்பாலம். தீவையும் ஜிமேயையும் இணைக்கக் கடலில் கல்லைக் கொட்டி ஒரு கரை போட்டிருக்கிறார்கள். நீளம் 2,212 மீட்டர். நம் உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேல். ஜிமேய்க் கரையை 1953இல் தொடங்கி 1955இல் முடித்தார்கள். எதிரே கின்மென் தீவில் தைவான் படை, தலைக்கு மேல் விமானத் தாக்குதல், நடுவே படகில் கருங்கல். அடுத்த ஆண்டே ஜிமேயிலிருந்து சிங்லின் பக்கம் இன்னொரு கரை. பின்னாலேயே மலையைக் குடைந்து ரயில் வந்தது. அந்த ரயிலுக்காக மேலிடத்தில் விடாமல் கேட்டவர்களில் டான் கா கீயும் ஒருவர். ஜொகூர் கடற்பாலத்தில் ரயில் ஓடியதைப் பார்த்தவர், கேட்காமல் இருப்பாரா என்பது என் ஊகம்.

கடலைக் குறுக்கே அடைத்தால் என்ன ஆகும் என்று உட்லண்ட்ஸ் பக்கம் இறங்கி நின்றவனுக்குத் தெரியும். ஜிமேய்க் கடலில் ஏற்றவற்றம் சராசரி நாலு மீட்டர், நம்மைவிட அதிகம். அவ்வளவு தண்ணீர் போய்வந்த வழியை அடைத்ததில் சேறு படிந்தது, ஓட்டம் செத்தது. பக்கத்துக் கடலில் தோணி தோணியாகப் பிடித்த ஈட்டிமீன் என்கிற சின்ன உயிர் அரிதாகிப்போனது. பிறகு கரையில் ஒரு பகுதியைத் திறந்து தண்ணீர் போக வழிவிட்டிருக்கிறார்கள். சிங்லின் பக்கம் அடைபட்ட குடா ஏரி மாதிரி நிற்கிறது. 2007இல் அதில் மலர்க் கண்காட்சி வைத்துத் தோட்டமாக்கிவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சிப்பிக்காரன் யாரையும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். 1955இல் கல் போட்டு இணைத்ததை 1980இல் கோடு போட்டுப் பிரித்தார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலம் முதலில் தீவில் 2.5 சதுர கிலோமீட்டர், 1984இல் தீவு முழுக்க. ஜிமேய் கோட்டுக்கு வெளியே. 2010இல்தான் உள்ளே வந்தது. அதற்குள் வேறு வழி பார்த்துக்கொண்டது: 1989இல் சிங்லின், 1992இல் ஜிமேய், தைவான் முதலீட்டு வட்டாரங்கள். ஒரு காலத்தில் குண்டு போட்டவர்களின் ஊரிலிருந்து ஆலை முதலாளிகள் வந்தார்கள். பேசியதும் அதே ஹொக்கியன். 2003இல் சிங்லின் ஜிமேயோடு சேர்ந்தது. குவான்கோ பகுதியில் கிங் லாங் பேருந்துகள் தயாராகின்றன. வீதியில் ஒன்று விடாமல் நின்று பார்த்தேன், சக்கர இடைவெளி, கதவு எப்படித் திறக்கிறது என்று. மனைவி முறைத்தாள். மீன்குளத்தில் பள்ளி கட்டிய ஊரில் இன்று பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதிவேக ரயில் நிற்கும் சியாமென் வடக்கு நிலையமும் இந்த மாவட்டத்தில்தான்.

திரும்பும்போது மெட்ரோ பிடித்தோம். 2017 கடைசி நாளில் திறந்த முதலாம் தடம், கடற்பாலத்தை ஒட்டிக் கடல்மேலேயே ஓடுகிறது. ஆன்ட்டிக்கு ஜன்னலோர இருக்கை. தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. "ஆயர் சுருட்" என்றார் மலாயில். பக்கத்திலேயே 1991இல் கட்டிய பாலம், அதையும் தாண்டி 2008இல் கட்டியது. இரண்டு பாலத்திலும் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"பிரதர், இது நீளமா, நம்ம உட்லண்ட்ஸ் நீளமா?" என்று கேட்டார்.

"இதுதான் ஆன்ட்டி. நம்மதைப்போல ரெண்டு மடங்கு."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்ப ஸ்கூல் லீவுல ஜாம் ஆறு மணி நேரமா?"