புறப்பாட்டுக் காலம்: மாசி, பங்குனிப் பறவைக் குறிப்புகள்

2025 பிப்ரவரி 16, ஞாயிறு. நஞ்சராயன் குளம்

பிப்ரவரி நடுவில் உலகெங்கும் நடக்கும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பின் மூன்றாம் நாள் என்பதால், கரையில் வழக்கத்தைவிட ஆட்கள் மிகுதி. திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி சாலையில் வந்து, சர்க்கார் பெரியபாளையத்தில் இறங்கினால் குளம். நல்லாற்று நீரைத் தேக்கும் இந்தக் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அறிவிப்புக்குப் பின் வருவோர் கூடியிருக்கிறார்கள் என்றாலும், பெரும்பாலோர் நவம்பரில் தொடங்கிப் பொங்கலோடு நிறுத்திவிடுகிறார்கள். வலசைப் பறவைகள் வந்து இறங்குவதைக் கொண்டாடும் நாம், அவை புறப்படுவதை ஏறக்குறைய கவனிப்பதே இல்லை. இந்தக் குறிப்புகளைத் தொடங்குவதற்கு அதுவே காரணம்.

வந்த நாளை எழுதுவது எளிது. ஒரு பறவையைக் கண்டால் போதும். போன நாளை எழுத வேண்டுமானால், கடைசியாகக் கண்ட பிறகும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று, இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். பறவை இல்லாத குளத்தைப் பார்க்க யார் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவார்கள்?

இன்று நீலச்சிறகி வாத்துகளிடமே நெடுநேரம் நின்றேன். ஐப்பசியில் வந்து இறங்கியபோது ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்ததால் பிரித்தறிவதே பாடாக இருந்தது. இப்போது ஆண்கள் புதுச் சிறகு பூண்டுவிட்டன. கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரி வரை வளைந்து இறங்கும் வெள்ளைப் பட்டை, சிவந்த பழுப்பு முகம், முதுகிலிருந்து விலாவின் மேல் தொங்கும் கருப்பு வெள்ளை நீளிறகுகள் எல்லாம் தொலைநோக்கியில் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு ஆண் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டியது போன்ற வறண்ட ஒலியை எழுப்பியது. இணை தேடும் ஒலி இது. கூடு கட்டப்போவது வடக்கே, ஐரோப்பா முதல் சைபீரியா வரையிலான நன்னீர்ப் புல்வெளிகளில். ஆனால் இணை சேருவது பெரும்பாலும் நம் குளங்களிலேயே முடிந்துவிடுகிறது. வாத்துகளில் பல வகைகளுக்கு இதுதான் முறை.

தட்டைவாயன் வாத்துகள் குளத்தின் கிழக்கு மூலையில் வட்டமிட்டு நீந்திச் சலித்துத் தின்றுகொண்டிருந்தன. ஊசிவால் வாத்துகள் எண்ணிக்கையில் குறைவு. வரித்தலை வாத்துகளைத் தேடி வந்த இளைஞர்கள் சிலர் ஏமாற்றத்துடன் திரும்பினார்கள். திபெத்திலும் மங்கோலியாவிலும் உள்ள உயரமான ஏரிகளிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் அந்தப் பறவைக்கு இருக்கும் புகழில் பத்தில் ஒரு பங்குகூட நீலச்சிறகிக்கு இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு. சிங்காநல்லூர்

சுருக்கமாகவே பார்க்க முடிந்தது. கரையோரச் சேற்றில் மஞ்சள் வாலாட்டிகள். இறகு மாற்றம் பாதியில் நிற்கிறது. ஒரு பறவையின் தலையில் பழைய பழுப்புக்கு நடுவே புதிய சாம்பல் இறகுகள் திட்டுத் திட்டாக முளைத்திருந்தன, தொண்டையில் மட்டும் மஞ்சள் முழுதாக ஏறிவிட்டது. அருகில் இன்னொன்றின் தலை ஏறக்குறைய முழுக் கருப்பு. தலையின் நிறத்தை வைத்துத்தான் இவற்றின் உட்பிரிவுகளைப் பிரிக்கிறார்கள் என்பதால், குளிர்காலம் முழுதும் வெறும் ‘மஞ்சள் வாலாட்டி’ என்று எழுதிவந்தவற்றை இந்தச் சில வாரங்களில்தான் எந்தப் பிரிவு என்று சொல்ல முடிகிறது. கருந்தலைப் பிரிவு மேற்கு ஆசியப் பகுதிகளிலும், சாம்பல் தலைப் பிரிவு ஐரோப்பா, ஆசியாவின் வட பகுதிகளிலும் கூடு கட்டுபவை. இரண்டும் ஒரே சேற்றில் ஒரு முழ இடைவெளியில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன.

மார்ச் 2, ஞாயிறு. காங்கேயத்துக்குத் தெற்கே, கொரங்காடு

குளங்களை விட்டு இன்று மேய்ச்சல் நிலத்துக்கு வந்தேன். கிளுவை வேலி சூழ்ந்த, வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்கும், கொழுக்கட்டைப் புல் காய்ந்து பழுப்பேறிய இந்தக் கொரங்காடுகள் காங்கேயம் மாடுகளுக்காக உழவர்கள் தலைமுறைகளாகக் காத்து வருபவை. இவற்றைப் பூனைப்பருந்துகளின் குளிர்கால வீடாகவும் எண்ணுபவர்கள் பறவை பார்ப்போருக்கு வெளியே அதிகம் இல்லை.

பிற்பகல் நான்கு மணிக்கு மேல் மான்டேகு பூனைப்பருந்து ஒன்று வந்தது. ஆண். இறக்கைகளை மேல்நோக்கிச் சற்றே உயர்த்தியபடி, புல்லின் நுனியை உரசுவதுபோல் தாழ்ந்து பறந்து, வேலிக்கு வேலி கட்டம் போட்டுத் தேடியது. சாம்பல் நிற மேலிறக்கையின் குறுக்கே ஓடும் கருங்கோட்டை அது திரும்பும்போதெல்லாம் பார்க்க முடிந்தது. வெளிறிய பூனைப்பருந்தின் ஆணுக்கு அந்தக் கோடு கிடையாது. பெண்களைப் பிரித்தறிவதுதான் கடினம், இரண்டு வகையிலும் பழுப்பு உடலும் வால் அடியில் வெள்ளைத் திட்டும் ஒன்றுபோலவே இருக்கும். சரேலென்று காலை நீட்டிப் புல்லுக்குள் விழுந்த பருந்து, எழுந்தபோது பிடியில் வெட்டுக்கிளி இருந்தது. பறந்தபடியே காலை அலகருகே கொண்டுவந்து தின்றுவிட்டுத் தேடலைத் தொடர்ந்தது.

ஆடுகளை ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நின்று, “ஏனுங்க தம்பி, இந்தப் பருந்தப் பாக்கறதுக்கா இத்தன தூரம் வந்தீங்க?” என்று கேட்டார். ஆமாங்கய்யா, எப்போது போகிறது என்று பார்க்க வந்தேன் என்றேன். “புல்லுக் காஞ்சு வெட்டுக்கிளி கொறஞ்சுதுன்னா அதுபாட்டுக்குப் போயிருமுங்க. பங்குனியில இருக்காதுங்க” என்றார். பறவை பார்ப்போர் யாரைக் கேட்டாலும் இதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்காது. மழை நன்றாகப் பெய்து புல் செழித்த ஆண்டுகளில் வெட்டுக்கிளியும், அதை ஒட்டிப் பருந்தும் கூடுவதும், வறண்ட ஆண்டுகளில் இரண்டும் குறைவதும் அவருக்கு ஆட்டுத் தீவனக் கணக்கோடு சேர்ந்தே நினைவிருக்கிறது.

பொழுது சாயும்போது மேலும் சில பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாக வந்து புல்லுக்குள் இறங்கின. இவை மரத்தில் அடைவதில்லை, தரையில்தான் அடையும். எனவே புல் உள்ள, தொல்லையில்லாத பரந்த நிலம் இல்லையென்றால் இரவு தங்க இவற்றுக்கு வேறு வழியில்லை. வரும் வழியில் பார்த்த கொரங்காடுகளில் ஒன்றில் மனை அளவுக் கற்கள் நட்டிருந்தார்கள். இன்னொன்றில் சூரிய மின் தகடுகள். ராம்சர் பட்டியலில் குளத்துக்கு இடம் உண்டு, மேய்ச்சல் காட்டுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு. சூலூர்

சோளக்குருவிகளுக்கான நாள். பகலில் பல்லடம் சாலையோரம் பூத்து நின்ற கல்யாண முருங்கையில் தேன் குடிக்க அடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில், முகமெல்லாம் மகரந்தம் அப்பிய பறவைகள் பல. மாலையில் சூலூர் குளத்துச் சம்புக் கோரையில் அடைய வந்தபோது பல நூறு இருக்கும். வளர்ந்தவற்றின் இளஞ்சிவப்பு இப்போது அழுக்கு நீங்கித் தெளிந்திருக்கிறது. இந்த நிறம் புதிய இறகு முளைத்து வருவதில்லை. இறகு நுனிகளின் மங்கிய விளிம்பு தேய்ந்து உதிர, அடியில் உள்ள நிறம் வெளிப்படுகிறது. வாத்தும் வாலாட்டியும் புதுத் துணி வாங்க, இது பழையதையே வெளுத்துக் கட்டிக்கொள்கிறது.

சோளக் கதிரில் இறங்குவதால் உழவர்களிடம் இதற்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் கூடு கட்டும் காலத்தில் இது வெட்டுக்கிளி தின்னி. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் மருந்து தெளிப்பதற்கு மாற்றாக, இவை கூடு கட்டக் கற்குவியல்களையும் மாடங்களையும் அமைத்துக் கொடுத்து வரவேற்கிறார்கள். ஜூலைக் கடைசியிலேயே வந்துவிடும் இந்தப் பறவை ஏப்ரலில்தான் போகிறது. ஆண்டில் பெரும்பகுதியை நம்மோடு கழிப்பதை விருந்தாளி என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

மார்ச் 16, ஞாயிறு. வெள்ளோடு

ஈரோட்டுக்கு அருகே, 1996இல் சரணாலயமாகி, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த குளம். கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் நிறைந்திருந்தன, ஆனால் இன்று எனக்கு வேண்டியது மீசை ஆலா என்னும் நீர்ப்பறவை. குளிர்காலத்தில் வெளிறிய சாம்பல் பறவையாக இருந்தது இப்போது முழுக் கருந்தொப்பி, அடர்சாம்பல் வயிறு, இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் கன்னம், செவ்வலகு என்று ஆளே மாறிவிட்டது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இந்தப் பறவைகளைக் காக்கும் ஊர்க்காரர்களுக்கு, இந்த மாற்றத்தைக் காட்டும் பலகை ஒன்று மாசி, பங்குனியில் கரையில் இருந்தால் நன்றாக இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு. நஞ்சராயன் குளம்

நீலச்சிறகிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊசிவால் வாத்து ஒன்றுகூட இல்லை. கரை முழுதும் சுற்றிய பின்பே இதை எழுதுகிறேன். கருவால் மூக்கன் என்னும் கரைப்பறவைகள் சிலவற்றின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கின்றன. எல்லாப் பறவைகளும் ஓயாமல் தின்கின்றன. பறப்பதற்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்ப்பது இந்த வாரங்களின் முதல் வேலை.

இரவும் பகலும் சமமாகும் நாள் கடந்த வியாழனன்று வந்து போனது. பகல் நீள்வதே பறவைகளைக் கிளப்புகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஏறத்தாழ 11 பாகை வடக்கில் இருக்கும் கொங்கு நாட்டில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் அதிகமில்லை. இந்தச் சிறு மாற்றத்தைக் கொண்டு, சைபீரியாவில் பனி உருகும் வேளையை இங்கிருந்து ஒரு வாத்து எப்படிக் கணிக்கும்? ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் க்வின்னர், பகலின் நீளம் மாறாத அறைகளில் கதிர்க்குருவிகளை வைத்துப் பார்த்தபோதும், வலசைப் பருவம் நெருங்க அவை இரவுகளில் உறங்காமல் சிறகடித்தன. உடலுக்குள்ளேயே ஓராண்டுக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது என்பதும், பகலின் நீளம் அதைத் திருத்தி வைக்கிறது என்பதும் அதன் முடிவு. பகல் அதிகம் மாறாத நம் ஊரில் தங்கும் பறவைகளுக்கு அந்த உள் கடிகாரம்தான் பெரிய துணையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 30, ஞாயிறு. கொரங்காடு

ஒரு பூனைப்பருந்தும் இல்லை. மாலை இருட்டும் வரை இருந்து பார்த்தாகிவிட்டது. பெரியவர் சொன்ன பங்குனிக் கணக்கு சரி.

ஏப்ரல் 6, ஞாயிறு. வடவள்ளி

நீலவால் பஞ்சுருட்டான்கள் காலையிலிருந்தே மின்கம்பிகளில் நெருங்கி அமர்ந்திருந்தன. ஒன்று தட்டானைப் பிடித்து வந்து, கம்பியில் இடமும் வலமுமாக அறைந்து, இறக்கைகள் உதிர்ந்த பிறகு தலை முன்னே போகும்படி விழுங்கியது. வெயில் ஏறியதும் கூட்டமாகக் கூவிக்கொண்டு எழுந்து, சுற்றிச் சுற்றி மேலே போய், வடக்கே நகர்ந்தன. எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு செய்தி. இந்த வகையில் சில ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே காவிரிக் கரையின் மண் பொந்துகளிலேயே கூடு வைக்கின்றன. இங்கேயே வாழும் பச்சைப் பஞ்சுருட்டான்கள் அதே கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

ஏப்ரல் 13, ஞாயிறு. வடவள்ளி

பக்கத்து வீட்டு மாமரத்தடிச் சருகில் ஆறுமணிக்குருவி. இலங்கையிலும் தென்னகத்திலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, மழை தொடங்கும்போது மத்திய இந்தியக் காடுகளிலோ இமய அடிவாரத்திலோ கூடு கட்டப் போகும் வழியில் இறங்கியது. இரவில் பறப்பதால் விடியலில் களைத்து, எந்தத் தோட்டம் கிடைத்தாலும் இறங்கிவிடும். குட்டை வாலோடு நடக்கத் தடுமாறுவதைப் பார்த்து அடிபட்டதென்று பிடித்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பூனையை மட்டும் தடுத்துவிட்டு விட்டுவிட்டால் போதும். அந்த வீட்டு அக்காவிடம் சொல்லிப் பூனையை உள்ளே அடைக்கச் செய்தேன். மாலையில் ஈரிசைச் சீழ்க்கை ஒருமுறை கேட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு. சிங்காநல்லூர்

வாத்துகள் ஒன்றும் இல்லை. பழுப்புக் கீச்சான் தன் வழக்கமான கருவேல முனையில் இருந்து கரகரத்தது. புரட்டாசியில் முதலில் வருபவற்றுள் ஒன்று, போவதில் கடைசி. பட்டாணி உள்ளான்களுக்கும் பொறி உள்ளான்களுக்கும் நான் கடைசி நாள் குறிப்பதில்லை. முதல் வகையில் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தடித்த உள்ளூர்ப் பிரிவு ஒன்று இங்கேயே கூடு வைக்கிறது. இரண்டாவதில் இன்னும் இணை சேரும் வயதுக்கு வராத சில பறவைகள் கோடையையும் இங்கேயே கழித்துவிடக்கூடும். இன்று பார்த்த பொறி உள்ளான்கள் இறகு மங்கிக் கிடந்தன, எனவே தங்கிவிடும் கூட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். கீச்சானுக்காக அடுத்த ஞாயிறும் வர வேண்டும்.