மேலே போனதைப் பத்திரமாக இறக்க: ராக்கெட் பாராசூட்டும் ஆல்டிமீட்டரும், இதுவரை செய்த வேலை

கல்லூரி அணி ஒன்று கட்டும் ஹை பவர் ராக்கெட்டுக்கு மீட்பு அமைப்பை நான் செய்துகொண்டிருக்கிறேன். பாராசூட், உயரத்தை அளந்து அதை உரிய நேரத்தில் திறக்கும் ஆல்டிமீட்டர் எனும் எலக்ட்ரானிக்ஸ், இரண்டும் ராயபுரத்தில் எங்கள் மாடியறையில் உருவாகின்றன. ராக்கெட்டை உந்தும் மோட்டார், அணியின் பொறுப்பு. எச் வகுப்பு, அதாவது 160 நியூட்டன்-விநாடிக்கு மேல் உந்தம் தருவது. அதற்கான அனுமதி, மைதானம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வீடும் வயரும் நெருக்கியடிக்கும் எங்கள் பக்கத்தில் ஏவுவதைப் பற்றி யோசிக்கவே முடியாது. ஆனால் மீட்பு அமைப்பில் பெரும்பகுதியை ராக்கெட்டே இல்லாமல் சோதித்துவிடலாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒரே பாராசூட் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும். ராக்கெட் 600 மீட்டர் ஏறுகிறது, உச்சியிலேயே பெரிய பாராசூட் திறந்து விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்றால், தரைக்கு வர 120 விநாடி. காற்று விநாடிக்கு 6 மீட்டர் அடித்தால் 720 மீட்டர் தள்ளிப் போய் விழும். அதையே இரண்டு கட்டமாகச் செய்தால், உச்சியில் ட்ரோக் எனும் சின்ன பாராசூட் மட்டும் திறந்து, விநாடிக்கு 20 மீட்டரில் இறங்கி, 150 மீட்டர் உயரத்தில் பெரியது திறக்கும். மொத்தம் 53 விநாடிதான். நகர்வு 320 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இஸ்ரோவும் இந்த வரிசையில்தான் செய்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் டிவி-டி1 சோதனையில், கலம் முதலில் ட்ரோக்கிலும் பிறகு பெரிய பாராசூட்டுகளிலும் இறங்கி வங்கக் கடலில் விழுந்தது. கடற்படை அதை மீட்டுக் கொண்டுவந்தது எங்கள் சென்னைத் துறைமுகத்துக்கு. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் இந்தப் பக்கமே வந்தேன்.

சரி, பாராசூட். மோட்டார் எரிந்து முடிந்த பிறகு எடை ஒன்றரை கிலோ. விநாடிக்கு 5 மீட்டரில் இறங்க, காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் இழுவைக் குணகம் 0.75 என்று வைத்தால், 1.3 மீட்டர் விட்டம் வருகிறது. கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் நைலானில் எட்டுத் துண்டு வெட்டி, எம்.சி. ரோடு பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். விரித்துப் பார்த்தவர், "திருப்பதி குடை மாதிரி இருக்கேப்பா" என்றார். மடித்து இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். நடுவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. காற்று அதன் வழியே சீராக வெளியேறினால் பாராசூட் ஊசலாடாது.

கயிற்றுக்குக் காசிமேட்டை விட்டால் வேறெங்கே போவது? பின்னல் நைலான் கயிறும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் போடும் ஸ்விவலும் அங்கேயே கிடைத்தன. பாராசூட் சுழன்றாலும் கயிறுகள் பின்னிக்கொள்ளாமல் இருக்க நமக்கும் அந்த ஸ்விவல்தான் வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, நைலான் முடிச்சு நழுவும். முனையைச் சுட்டுட்டு நல்லா இழுத்துப் பாரு" என்று செய்தே காட்டினார். எந்தக் கையேட்டையும் விட அவர் கையைப் பார்த்து நிறையக் கற்றுக்கொண்டேன்.

பாராசூட்டைச் சோதிக்க உயரம் தேவையில்லை, காற்று போதும். விநாடிக்கு 5 மீட்டரில் அது இறங்குவதும், அசையாமல் நிற்கும் அதன்மேல் 5 மீட்டர் காற்று வீசுவதும் ஒன்றே. அதனால் திருவொற்றியூர் கடற்கரையில், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில், பிற்பகல் கடற்காற்றில் விரித்துப் பிடித்தோம். கயிற்று முனையில் பெட்டி எடை பார்க்கும் தராசு, பக்கத்தில் கையடக்கக் காற்றுமானி. காற்று 5 மீட்டர் காட்டும்போது தராசு ஒன்றரை கிலோவை ஒட்டி நின்றது. 6 மீட்டருக்கு ஏறியதும் இரண்டைத் தாண்டியது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவை கூடும் என்பதைக் கையில் உணர்ந்தது தனி மகிழ்ச்சி.

இனி எலக்ட்ரானிக்ஸ். நிரல் ஓடும் ஈஎஸ்பி32 பலகை, காற்றழுத்தத்தை அளக்கும் பிஎம்பி280 சென்சார், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டாரான எம்ஜி90எஸ் சர்வோ. வெளிநாடுகளில் கருமருந்து வெடிப்பால் பாராசூட்டை வெளியே தள்ளுவது வழக்கம். இங்கே அது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வரும். நாங்கள் ஸ்பிரிங்கை அழுத்தி வைத்து, சர்வோ ஊசியை இழுத்ததும் விடுபடும்படி அமைத்திருக்கிறோம். சூடான வாயு இல்லாததால் துணி கருகும் கவலையும் இல்லை.

உச்சியைக் கண்டுபிடிப்பதுதான் இதில் நுணுக்கமான இடம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதை வைத்துத்தான் சென்சார் உயரத்தைக் கணிக்கிறது. தரையருகே 100 மீட்டருக்கு 11, 12 ஹெக்டோபாஸ்கல் குறையும். 600 மீட்டர் என்றாலும் மொத்த அழுத்தத்தில் 7 சதவீதம்தான். ஆகவே மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடிக்குள் பலகையை வைத்து, வயர் வெளியே வரும் இடத்தை எம்-சீலால் அடைத்து, 60 மில்லி சிரிஞ்சால் நாலு தடவை காற்றை இழுத்தால், சென்சாருக்குத் தான் 600 மீட்டர் ஏறிவிட்டதாகவே தோன்றும். வால்வை மெல்லத் திறந்தால் இறக்கம்.

உண்மையான பறத்தலைவிட இது கடுமையான சோதனை என்பேன். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் அழுத்தம் லேசாக மறுபடி கூடும், இறங்கத் தொடங்கியதுபோல் தெரியும். அவசரப்படும் நிரல் அதையே உச்சி என்று எடுத்துக்கொள்ளும். அதனால் விதி இப்படி: பதிவான அதிகபட்ச உயரத்திலிருந்து 3 மீட்டர் கீழே வந்து, தொடர்ந்து பல அளவீடுகளிலும் அப்படியே இருந்தால்தான் ஊசி விலகும். சென்சாரின் ஆட்டம் ஒரு மீட்டர் அளவு, அதைவிட 3 மீட்டர் தாராளம். உச்சியிலிருந்து 3 மீட்டர் விழ முக்கால் விநாடி ஆகும். அப்போது வேகம் விநாடிக்கு 8 மீட்டரைத் தாண்டாது, ட்ரோக் அதைச் சுலபமாகத் தாங்கும்.

இரண்டு சங்கதிகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிஎம்பி280 மேல் வெளிச்சம் பட்டால் அளவு குதிக்கும்; கறுப்பு ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றால் மூடிவிடுங்கள், காற்று மட்டும் போகட்டும். அப்புறம், சர்வோ திணறும்போது மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துப் பலகையை ரீசெட் ஆக்கிவிடும். பறக்கும்போது ரீசெட் ஆனால் அது தரையில் இருப்பதாக நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சர்வோவுக்கு மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் தனி ரெகுலேட்டரும், அதன் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் கொடுத்த பிறகு ஜாடி சோதனையில் ஒருமுறைகூட ரீசெட் ஆகவில்லை.

எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மடித்து வைத்த நைலான் ஒட்டிக்கொள்ளும். டால்கம் பவுடர் தூவி, ஏவும் நாளன்றுதான் மடிக்கப் போகிறோம். மிச்சம் இருப்பது, முதலாவது தவறினால் கைகொடுக்க இரண்டாவது ஆல்டிமீட்டர்: தனி பேட்டரி, தனி சர்வோ, முதலாவதைவிட ஒரு விநாடி தாமதம். உதிரிகள் வந்துவிட்டன, இந்த வாரம் சால்டரிங். அதுவும் ஜாடிக்குள் போய்த் தேறிய பிறகே இரண்டையும் அணியிடம் ஒப்படைப்பேன்.