கரையேறவிட்டகுப்பத்தில் பெரியப்பா

கடலூரில் வண்டிப்பாளையத்தை ஒட்டிக் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடம் இருக்கிறது. ஊர்ப் பெயரே கதையைச் சொல்லிவிடும். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரை சேர்ந்த இடம். இப்போது அங்கே நின்றால் கடல் கண்ணில் படாது. கெடிலமும் தள்ளித்தான் ஓடுகிறது. சித்திரையில் கரையேறிய விழா நடக்கும்போது கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற அளவுதான். எனக்கு அந்த அமைதியான நாட்கள்தான் பிடிக்கும்.

இந்த முறை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டவுடன் அவர் வருகிறேன் என்றது எனக்கே ஆச்சரியம். கல்லூரி நாளிலிருந்து கருப்புச்சட்டைக்காரர். தன் கல்யாணத்தில் தாலி வேண்டாம் என்று நின்றவர். போகிற வழியில் பெரியார் சிலை அருகே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். 1944-இல் கடலூருக்கு வந்த பெரியார் மீது கெடிலத்துப் பக்கம் செருப்பு வீசினார்கள். பின்னாளில் அங்கேயே அவருக்குச் சிலை எழுந்தது. ஒரே ஆற்றங்கரையில் அப்பர் கரையேறிய இடமும் பெரியார் செருப்படி பட்ட இடமும் இருப்பது கடலூருக்கே உரிய பெருமை என்று நான் மனதார நினைக்கிறேன்.

பெரியப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தவரைச் சுனாமி அலை அடித்துப் போனது. ஒரு சவுக்கு மரத்தில் மோதி, அதைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் வடிந்த பிறகு சட்டையில்லாமல் வீடு வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் கீறல். பெரியம்மா அழுதுகொண்டே சாமி மாடத்தில் இருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினார். அவர் தடுக்கவில்லை. குளிக்கும்போது அது போய்விட்டது.

சொந்தபந்தமெல்லாம் அன்றிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உயிரையே திருப்பிக் கொடுத்திருக்கார். இதுக்கு அப்புறமுமா கும்பிடமாட்டீங்க?" அவர் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். "கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. பாதிக்கு மேல பொம்பளைங்களும் புள்ளைங்களுமா இருக்கும், நான் பார்த்தேன். என்னை மட்டும் ஒருத்தர் தனியா தூக்கி மரத்துல வச்சாருன்னு சொன்னா, அந்தப் புள்ளைங்க முன்னாடி நான் எப்படி நிக்கறது?"

நான் தினமும் தேவாரம் படிக்கிறவள். ஆனாலும் அந்தப் பதிலில் எனக்கு ஆணவம் தெரியவில்லை. செத்தவர்கள்மேல் இருக்கிற மரியாதைதான் தெரிந்தது. அந்த அலைக்குப் பிறகு ஆளாளுக்கு ஒவ்வொரு பக்கம் போனார்கள். எங்கள் தெருவில் ஒருவர், அதுவரை கோயில் பக்கமே வராதவர், பயத்தில் வேண்டிக்கொண்டு சபரிமலைக்கு மாலை போட்டார். சில வருடங்களில் அது தானாக நின்றுபோனது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றியவர், மகனைக் கடலுக்குக் கொடுத்த பிறகு பல காலம் அந்தக் கோயில் வாசலைக்கூட மிதிக்கவில்லை. பிறகு ஒருநாள் ஏற்றத் தொடங்கினார். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. அதே அலைதான். ஒருவரைக் கோயிலுக்கு அனுப்பியது, ஒருவரைக் கோயிலிலிருந்து அனுப்பியது, பெரியப்பாவை இருந்த இடத்திலேயே விட்டது.

கரையேறவிட்டகுப்பத்தில் நான் சொற்றுணை வேதியன் பதிகத்தைப் பாடி முடிக்கும்வரை பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். முடிந்ததும் கேட்டார். "ஏம்மா, உங்க அப்பரே வயித்துவலி தாங்காமத்தானே கட்சி மாறினார்? அப்ப உங்க சொந்தக்காரங்க சொல்றதுதானே சரி?"

சரியான கேள்வி. மருள்நீக்கியாராகப் பிறந்து, தருமசேனர் என்ற பெயரோடு சமண மடத்தில் தலைமை நிலைக்கு உயர்ந்தவரைச் சூலை நோய்தான் திருவதிகைக்குத் திருப்பியது. அங்கே அவர் முதலில் பாடிய கூற்றாயினவாறு பதிகம் முழுக்க வலியால் துடிப்பவனின் குரல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'இதை நீக்கிவிடு' என்று மன்றாடுகிறார். அது மட்டுமே இருந்திருந்தால் வலி நின்றதும் எங்கள் தெருக்காரர்போல அவரும் திரும்பிப் போயிருக்கலாம்.

ஆனால் அவர் எங்கே போனார் என்று பார்க்கவேண்டும். அக்காவிடம் போனார். திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். தானும் உயிரை விடத் துணிந்த பெண், தம்பிக்காக உயிரோடு இருந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். அந்தத் தம்பியும் வேறு சமயத்துக்குப் போய்விட, அவர் திருவதிகையில் கோயிலைக் கூட்டி, மெழுகி, மாலை கட்டிக் காத்திருந்தார். தம்பி ஆள் அனுப்பியபோது "மடத்துக்குள் நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இரவோடு இரவாகத் தம்பியே தேடி வந்தபோது ஏன் போனாய் என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வலி அவரை எழுப்பி நடக்கவிட்டது, அவ்வளவுதான். போய்ச் சேர ஒரு வாசல் திறந்திருந்தது அக்காவால்.

அதற்குப் பிறகுதான், சமணத்தை விட்டதற்காகப் பல்லவ மன்னன் கொடுத்த தண்டனைகள்: நீற்றறை என்ற சுண்ணாம்புக் காளவாயும் நஞ்சும் யானையும் கல்லும். கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அவர் பாடியதைப் படித்துப் பாருங்கள். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே." அந்தப் பாட்டில் எங்கேயும் 'காப்பாற்று' என்று ஒரு விண்ணப்பம் இல்லை. வயிற்றுவலிக்கு அவ்வளவு மன்றாடியவர், சாவு கழுத்துவரை வந்தபோது எதையும் கேட்கவில்லை. ஆபத்து வந்து பக்தியைக் கொடுத்தது என்றால் இது எப்படி நடக்கும்? உள்ளே முன்பே இருந்தது எதுவோ, அதுதான் அங்கே வெளியே வந்தது.

பெரியப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். அப்புறம் அவரிடம் ஒன்று கேட்டேன். "அலை அடிச்சப்ப யாரை நினைச்சீங்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்க பெரியம்மாவ. வேற யாரும் வரல" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. பயத்தில் ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டு அதை மறைத்துவைத்திருந்தால் அவரைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன். அவர் நம்பிய மனுஷியைத்தான் அவர் நினைத்திருக்கிறார்.

அங்கிருந்து பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். ரயிலில் வருகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. தலமரம் பாதிரி, புலிக்கால் முனிவர் வழிபட்டதால் புலியூர். உள்ளே நுழைந்ததும் பெரியப்பா சுவரில் இருந்த கல்வெட்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு பின்தங்கிவிட்டார். சமணர்களின் லோகவிபாகம் என்ற நூல் 458-ஆம் ஆண்டில் பாடலி என்ற ஊரில் எழுதப்பட்டது, அந்த ஊர் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அப்பர் தலைவராக இருந்த மடமும் பாடலியில்தான். தான் விட்டுப்போன ஊரிலேயே கடல் அவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்தக் கரையில் இறங்கி இந்த ஈசனைத்தான் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்று பாடினார். அம்மாவையும் அப்பாவையும் கூடப் பிறந்தவர்களையும் முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் 'தோன்றாத் துணை' என்கிறார். சன்னதியில் நின்று அந்த வரிக்கு வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எப்போது பாடினாலும் அப்படித்தான்.

அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது, "உங்க பேருக்குப் பண்ணட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்மா. உன் பேருக்கும் பிள்ளைங்க பேருக்கும் பண்ணு" என்றார். அப்படியே செய்தேன். கேட்காமல் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், குருக்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பிழைத்து வந்த ஒருவரிடம் அந்தப் பிழைப்பைக் காட்டி நம்பிக்கையைப் பிடுங்கக்கூடாது. இங்கே இருக்கிற சாமியும் அதைக் கேட்கவில்லை என்பது என் நம்பிக்கை.

பெரியநாயகி அம்மனைத் தரிசித்துவிட்டு, பிராகாரத்தில் உட்கார்ந்து தேங்காயை உடைத்துச் சாப்பிட்டோம். அடுத்த மாதம் பண்ருட்டி பக்கம் திருவதிகைக்குப் போவதாகச் சொல்லி, வருகிறீர்களா என்றேன்.

"அந்த அக்கா இருந்த ஊர்தானே?" என்றார். "வரேன். அந்தப் பொண்ணு கூட்டின வாசலைப் பார்க்கணும்."