ஊசி போட்ட பிறகு

கால்நடை மருத்துவ மாணவர்கள் மருந்தியல் தாளில் நல்ல மதிப்பெண் எடுப்பது அரிய காரியம் அன்று. மருந்தின் வகை, அது உடலில் வேலை செய்யும் விதம், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அளவு எல்லாவற்றையும் பிசகில்லாமல் எழுதிவிடுகிறார்கள். அதே மாணவர்கள் இன்டர்ன்ஷிப் காலத்தில் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் என்னோடு ஒரு மாட்டுக்கொட்டிலுக்குள் நுழைந்ததும், படித்ததை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். இதை அவர்களுடைய குறையாக நான் கருதவில்லை. பாடநூல் ஒரு மருந்தின் கதையை ஊசிமுனையில் தொடங்கி, நோய் தீர்வதோடு முடித்துவிடுகிறது. ஊசி போடும் முன் செய்ய வேண்டிய கணக்கையும், போட்ட பிறகு அந்த மருந்து போய்ச் சேரும் இடங்களையும் ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டியிருக்கிறது. என் பணியின் பெரும்பகுதி அதுதான்.

கணக்கு எடையில் தொடங்குகிறது. கிராமத்துக் கொட்டிலில் எடைமேடை கிடையாது. மாணவர் மாட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இருநூறு கிலோ இருக்கும் மேடம்” என்பார். நான் தையல்காரரின் அளவு நாடாவை எடுத்துக் கொடுப்பேன். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள்முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை ஓர் அளவு. இரண்டும் அங்குலத்தில் இருக்க வேண்டும். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். நெஞ்சளவு 60, நீளம் 50 என்றால் விடை ஏறத்தாழ 272 கிலோ. வலிநீக்கியான மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம் 136 மில்லிகிராம் தேவைப்படும். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து 27 மில்லி எடுக்க வேண்டும். கண்மதிப்பில் போனவர் 20 மில்லி எடுத்திருப்பார். வலிநீக்கி மருந்தில் இந்த வித்தியாசத்தால் வலி முழுதாகத் தீராமல் போகும்; நுண்ணுயிர்க்கொல்லியில் நேர்ந்தால் அரைகுறை அளவுக்குப் பழகிக்கொண்ட கிருமிகள் எஞ்சும். நாடாவைச் சுற்றிப் பிடிக்கும்போது மாடு மூச்சை இழுக்கும், திமிறும், நாடா நழுவும். மறுபடியும் பிடிக்கத்தான் வேண்டும்.

எடைக்கு அடுத்தபடி, இது எந்த இனம் என்ற கேள்வி. மாடு பெரிய ஆடும் அன்று, பூனை சிறிய நாயும் அன்று. பாராசிட்டமாலைக் கழித்து வெளியேற்றுவதற்கான குளுக்குரோனைடு இணைப்பு வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனமானது. மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் மாத்திரை ஒன்றே பூனையின் ரத்தத்தைப் பழுப்பாக்கி உயிரை எடுத்துவிடும். எங்கள் வட்டாரத்துக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் சைலசின் என்ற மயக்க மருந்து. தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த கையோடு காயம்பட்ட காளைகள் வரும். அருகில் போகவே அஞ்ச வைக்கும் புலிக்குளம் காளைக்குத் தையல் போட மயக்கமூட்டியாக வேண்டும். குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும் என்று மாணவர்கள் படித்திருக்கிறார்கள். ஆனால் மிரண்டு கிடக்கும் விலங்கில் அந்த மருந்து எதிர்பார்த்தபடி பிடிக்காது என்பதையும், பொறுமையிழந்து இன்னொரு முறை போட்டால் சற்று நேரத்தில் காளை ஒருக்களித்துச் சாய்ந்து வயிறு உப்பி மூச்சுத் திணறும் என்பதையும் அங்கே நின்றால்தான் உணர முடியும். ஊசி போட்டபின் கூட்டத்தை விலக்கி, சத்தத்தை அடக்கிக் காத்திருப்பதும் மருந்தளவின் ஒரு பகுதி என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஊசிக்குப் பிறகான பயணத்துக்கு வகுப்பில் நான் முதலில் எடுப்பது டைக்ளோஃபெனாக்கை. வலிக்குக் கைகண்ட மருந்து, விலையும் குறைவு. அந்த ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துபோய், அதன் உடலைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து அவை மடிந்தன. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இந்தக் காரணத்தை வெளிப்படுத்தியது. இந்தியாவில் 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டன. மனிதருக்கான பெரிய குப்பிகள் கொட்டிலுக்கு வந்துகொண்டிருந்ததால், 2015இல் அவற்றை 3 மில்லி அளவுக்குக் குறுக்கினார்கள். 2023இல் பாறுகளுக்கு அதே ஆபத்துள்ள வலிநீக்கிகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடைசெய்யப்பட்டன. மருத்துவர் ஒருவரும் இங்கே தவறான நோய்க்கு மருந்து கொடுக்கவில்லை; மாட்டின் வலி தீரத்தான் செய்தது. நோயாளிக்கு அப்பால் இன்னோர் உயிர் இருப்பதை எண்ணாததுதான் கேடு. தமிழ்நாட்டில் பாறுகள் இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் பெரிதும் எஞ்சியிருக்கின்றன என்று சொல்லும்போது வகுப்பில் யாரும் குறிப்பெடுப்பதில்லை, கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மேய்ச்சல் நிலத்தில் நடப்பது இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. கண்மாய்க்கரையில் வெள்ளாடும் செம்மறியும் ஒரே மந்தையாக மேய்கின்றன. குடற்புழு மருந்தையும் ஒரே அளவில் வாயில் ஊற்றிவிடுகிறார்கள். வெள்ளாட்டின் உடல் அல்பென்டசோலைச் செம்மறியைவிட விரைவாகக் கழித்துவிடும். ஆகவே செம்மறிக்கான அளவு அதற்குக் குறைவு. அந்தக் குறைவில் தப்பிய புழுக்களின் முட்டைகள் புழுக்கையோடு மண்ணில் விழுந்து, மழை பெய்ததும் மருந்துக்கு அசையாத தலைமுறையாகப் புல்லில் ஏறுகின்றன. கீழ் இமையை விலக்கி உள்நிறம் பார்க்க மாணவர்களைப் பழக்குகிறேன். சிவந்திருந்தால் அந்த ஆட்டை விட்டுவிடலாம்; வெளிறியிருந்தால் மருந்து. ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவுக்கு இது நல்ல வழி. மருந்துக்கு அசையாதவை மட்டுமே பெருகாமல் இருக்க, மருந்து படாத புழுக்கள் மேய்ச்சலில் கொஞ்சம் மிஞ்சியிருப்பதும் நன்மைதான்.

எனினும், மருந்தியல் முழுவதையும் ஒரே இடத்தில் கற்றுக்கொடுக்கும் நோய் எது என்று கேட்டால் மடிநோய் என்பேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு முகாமில் ஒற்றைக் கறவை வைத்திருந்த மூதாட்டி ஒருவர் மாட்டைப் பிடித்து வந்தார். ஒரு காம்பு இறுகிச் சூடாக இருந்தது, பால் திரிதிரியாக வந்தது, காய்ச்சலும் இருந்தது. பரிசோதித்த மாணவி நுண்ணுயிர்க்கொல்லி தேவை என்று சரியாகவே முடிவு செய்து, “அப்பத்தா, ஒரு வாரத்துக்குப் பாலை யாருக்கும் ஊத்தக் கூடாது” என்றார். “ஏத்தா, பால் காசு வந்தாத்தான் தவிடே வாங்கணும். ஒரு வாரம் நிறுத்துனா மாடு எதத் திங்கும், நான் எதத் திங்க?” என்று அவர் கேட்டார். மாணவி என்னைப் பார்த்தார். பிறகு, “செஃப்டியோஃபர் போடலாமா மேடம்? அதற்குப் பாலை நிறுத்த வேண்டாம் என்று படித்தேனே” என்றார்.

இரக்கத்தில் பிறந்த யோசனை அது; தகவலும் பொய்யில்லை, அப்படி அனுமதித்த நாடுகள் உண்டு. அங்கேயே நின்று, பாலில் அந்த மருந்து ஏன் தங்குவதில்லை என்று அவரையே யோசிக்கச் சொன்னேன். அது அமிலத்தன்மை உள்ள மூலக்கூறு; ரத்தத்தில் பெரும்பாலும் புரதத்தோடு பிணைந்து கிடப்பதால் மடிக்குள் மிகச் சொற்பமாகவே கசிகிறது. பால் சுத்தமாக இருப்பதற்கு எது காரணமோ, அதுவேதான் காம்புக்குள் இருக்கும் கிருமியை அது போய்ச் சேராததற்கும் காரணம். போதாக்குறைக்கு, அது சேர்ந்த மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியவை. மடிக்குள் நன்றாகச் சேரும் மருந்து வேண்டுமென்றால் டைலோசின் போன்ற காரத்தன்மை உள்ளவை இருக்கின்றன. ரத்தத்தின் பிஎச் 7.4, நல்ல பாலுடையது 6.6 அளவில், அந்த அமிலச் சூழலில் அவை மின்னூட்டம் பெற்றுத் திரும்ப வழியின்றி மடியிலேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிக்கொள்வதால் பாலை நிறுத்தியே ஆகவேண்டும். நோயுற்ற பாலின் பிஎச் உயர்ந்துவிடுவதால் அந்தச் சேர்க்கையும் குறையும். வகுப்பில் பல மணி நேரம் வரைபடம் போட்டும் பிடிபடாத, மருந்து அயனியாகிச் சிக்கிக்கொள்ளும் இந்தக் கணக்கு, அந்தக் கொட்டகை நிழலில் மாணவர்களுக்குப் புரிந்தது.

முடிவில் காம்புக்குள் செலுத்தும் மருந்தையே தேர்ந்தோம். ஒரு காம்புக்குத்தான் மருந்து, மற்ற மூன்றின் பாலை ஊற்றலாமா என்று இன்னொரு மாணவர் கேட்டார். மருந்து ரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளிலும் வரும் என்பதால் அதுவும் கூடாது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமே பரப்பிவருகிறது; அதைச் சொல்லவும் நான் தயங்கவில்லை. தொடக்க நிலையிலேயே பூச ஆரம்பித்தால் நுண்ணுயிர்க்கொல்லிக்கே போகாமல் தப்பிக்கும் மாடுகள் இருக்கின்றன. மருந்தியல் ஆசிரியர்கள் இதை நாட்டு வைத்தியம் என்று ஒதுக்காமல், மற்ற மருந்துகளைப் போலவே ஆராய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறுத்திவைத்த பாலுக்கு அந்த அப்பத்தாவுக்கு ஈடு கொடுக்க யாரும் இல்லை என்பதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். எத்தனை நாள், ஏன் என்பதை அவருக்குப் புரியும்படி விளக்குவதைத் தவிர அன்று எங்களால் செய்ய முடிந்தது வேறில்லை.

மருந்து கொடுத்தபின் பாலையும் இறைச்சியையும் நிறுத்திவைக்க, அந்தந்த மருந்துக்கெனத் தனியாகச் சரிபார்க்கப்பட்ட நாட்கணக்கு இல்லையென்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012இல் நம் மருந்து விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். மருந்தெழுதும்போது அந்த நாள் முடியும் தேதியையும் சீட்டில் எழுதாத விடைத்தாளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதில்லை. இன்டர்ன்ஷிப் மாணவர்கள், தாங்கள் மருந்து கொடுத்த விலங்கின் உரிமையாளரை அந்தத் தேதியில் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும் என்றும் வைத்திருக்கிறேன். பால் மறுபடி ஊற்றத் தொடங்கிவிட்டார்களா, காம்பு சரியாகிவிட்டதா, இடையில் வேறு யாராவது ஊசி போட்டார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். சில நேரம் மாடு அதற்குள் சந்தையில் கைமாறியிருக்கும். அப்போது அந்த 28 நாள் கணக்கை யாரிடம் போய்ச் சொல்வது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இப்போதைக்கு மருந்தின் பெயர், போட்ட தேதி, இறைச்சிக்கு ஆகும் தேதி மூன்றையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, மாட்டை விற்றால் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி உரிமையாளர் கையில் கொடுக்கிறோம்.